கண்ணில் வைத்த லென்ஸ் நழுவினால்: கம்பம், குமுளிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

"குனிஞ்சா ஒண்ணு தெரியுது, நிமிந்தா வேற ஒண்ணு தெரியுது தாயி. அதுவும் ஆபரேஷன் பண்ணின கண்ணுலதான்." வண்டன்மேட்டில் ஏலக்காய் எடுக்கப் போகிற ஒரு அம்மா என்னிடம் இப்படிச் சொன்னார். விடியற்காலையில் கம்பத்தில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மலைக்குப் போய், சாயங்காலம் இறங்குகிறவர். ஏலச்செடியில் காய் தூரடியில், மண்ணை ஒட்டித்தான் பிடிக்கும். நாள் முழுக்கக் குனிந்தும் குந்தியும் எடுக்க வேண்டும். கண்ணுக்குள் லென்ஸ் ஆடினால் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவரைவிட இவர்களுக்குத்தான் முதலில் தெரியும். கண்புரை ஆபரேஷனில் வைத்த லென்ஸ் நழுவியிருக்கிறது என்று அந்த ஒரு வரியிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

நான் இந்தப் பள்ளத்தாக்கில் கண் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கத்தி பிடிப்பவள் அல்ல. கத்தி பிடிப்பவர்களிடம் ஆட்களை அனுப்பி, திரும்பி வந்ததும் சொட்டு மருந்து எப்படி விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவள். கூடலூர், லோயர்கேம்ப், குமுளி, வண்டிப்பெரியாறு என்று தமிழ்நாடு, கேரளம் இரண்டு மாநிலத்திலும் கால் வைத்து வாழ்கிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே வருகிறவர்களிடம் எப்போதும் சொல்வதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். நழுவின லென்ஸுக்கு நல்ல வைத்தியம் இருக்கிறது. ஆனால் கண்புரை ஆபரேஷன் செய்கிற எல்லா இடத்திலும் அது நடக்காது. விழித்திரை, அதாவது கண்ணின் பின்பக்கத்துப் படலத்தைப் பார்க்கிற சர்ஜன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு, பழைய லென்ஸின் விவரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஏன் நழுவுகிறது

கண்புரை ஆபரேஷனில் புரை விழுந்த இயற்கை லென்ஸை உடைத்து எடுத்துவிட்டு, அது இருந்த மெல்லிய பையை மட்டும் விட்டுவைப்பார்கள். அந்தப் பைக்குள்தான் செயற்கை லென்ஸ் உட்காருகிறது. பையைச் சுற்றிலும் நுண்ணிய நூலிழைகள் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. பை கிழிந்தாலோ, இழைகள் அறுந்தாலோ லென்ஸ் சரியும்.

ஆபரேஷன் முடிந்து சில நாளிலோ சில வாரத்திலோ நழுவினால், பெரும்பாலும் அன்றைக்கே பை கிழிந்திருக்கும், அல்லது லென்ஸைத் தாங்கி நிறுத்த இரண்டு பக்கமும் நீண்டிருக்கிற கால்களில் ஒன்று பைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும். பல வருஷம் நன்றாக இருந்துவிட்டு நழுவினால் இழைகள் நைந்துபோயிருக்கின்றன என்று அர்த்தம். அப்போது லென்ஸ் பையோடு சேர்ந்தே இறங்கும். கண்ணுக்குள் பொடுகு மாதிரி வெள்ளைத் துகள் படிகிற சூடோஎக்ஸ்ஃபோலியேஷன் என்ற வியாதி இதற்கு முக்கியமான காரணம். வயதானவர்களிடம் நம் பக்கத்திலும் இது இருக்கிறது. கண்ணில் பலமாக அடிபடுவது, மைனஸ் பவர் மிக அதிகமாக இருப்பது, முன்பே விழித்திரை ஆபரேஷன் ஆகியிருப்பது, மார்ஃபான் போன்ற பிறவிக் கோளாறுகள் ஆகியவையும் இழைகளைப் பலவீனமாக்கும்.

"ஆபரேஷன் பண்ணின டாக்டர் சரியில்ல" என்று எடுத்த எடுப்பில் பழி போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 1949 நவம்பரில் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி உலகத்திலேயே முதன்முதலாகக் கண்ணுக்குள் லென்ஸ் வைத்தார். அவர் வைத்த லென்ஸ்களிலும் சில நழுவத்தான் செய்தன. மதுரையில் 1992-ல் லென்ஸ் தயாரிக்கிற ஆரோலேப் தொடங்கி, லென்ஸ் விலை ஏழைக்கும் எட்டுகிற அளவுக்கு இறங்கியது. அதற்குப் பிறகு நம் ஊர்களில் லென்ஸ் வைத்தவர்கள் ஏராளம். அவ்வளவு பேரில் கொஞ்சம் பேருக்கு வயதாக ஆக இப்படி நடக்கும்.

எப்போது காத்திருக்கலாம், எப்போது ஓட வேண்டும்

சுவரில் நாள்காட்டி மாட்டியிருப்பீர்கள். அதற்கு நேரே நின்று, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு தேதியைப் பாருங்கள். கண்ணை அழுத்தக் கூடாது. பிறகு அடுத்த கண். ஆபரேஷன் ஆன கண்ணில் மட்டும் தேதி இரண்டாகத் தெரிகிறதா? பக்கவாட்டில் வளைந்த கோடு ஒன்று தெரிகிறதா? தலையைச் சாய்த்தால் தெளிவு மாறுகிறதா? ஒரு கண்ணை மூடிய பிறகும் இரட்டையாகத் தெரிந்தால், அந்தக் கண்ணுக்குள்ளேயே கோளாறு இருக்கிறது என்று பொருள். சிலருக்கு இப்படி எதுவும் இல்லாமல், ஒரே நாளில் எல்லாம் மங்கி, ஆபரேஷனுக்கு முன்னால் இருந்ததைவிட மோசமாகிவிடும். லென்ஸ் முழுசாகக் கண்ணின் அடிக்குப் போய்விட்டால் அப்படி ஆகும்.

வலியோ சிவப்போ இல்லாமல் மங்கல் மட்டும் இருந்தால் ஓரிரு நாளில் போய்க் காட்டினால் போதும். தனியாக வண்டி பிடித்து அலற வேண்டியதில்லை. கண் வலி, தலைவலி, வாந்தி வந்தாலோ, மின்னல் வெட்டுகிற மாதிரி ஒளி தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் மழையாகக் கொட்டினாலோ, ஓரத்திலிருந்து திரை இறங்குகிற மாதிரி இருந்தாலோ அன்றைக்கே கிளம்புங்கள். முதல் மூன்றும் கண் பிரஷர் ஏறியதைக் காட்டலாம். மற்றவை விழித்திரை கிழிந்ததையோ பிரிவதையோ காட்டலாம். லென்ஸ் பின்னால் போகாமல் முன்பக்கம் வந்து, கண்ணின் முன்னால் கண்ணாடி போல இருக்கிற கார்னியாவை உரசிக்கொண்டு நின்றாலும் நாள் கடத்தக் கூடாது.

கண்ணைத் தேய்க்காதீர்கள். மருந்துக் கடையில் "கண்ணு சிவந்திருக்கு" என்று சொல்லி ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கிப் போடாதீர்கள். அதனால் பிரஷர் ஏறும், கிருமி இருந்தால் பெருகும். நாட்டு மருந்து, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு அலுக்காது.

கிளம்புவதற்கு முன்

கண்புரை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது சின்ன அட்டை ஒன்று தந்திருப்பார்கள். லென்ஸ் கம்பெனி பெயர், மாடல், பவர், வரிசை எண் எல்லாம் அச்சடித்த ஸ்டிக்கர் அதில் ஒட்டியிருக்கும். இந்த அட்டையை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு, அடுப்பு மூட்டிய குடும்பங்களும் உண்டு. தேடி எடுங்கள். கிடைக்கவில்லையென்றால் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியின் பதிவு எண்ணாவது வேண்டும். முகாமில் போய்ச் செய்துகொண்டவர்கள் எந்த ஆஸ்பத்திரி முகாம், எந்த வருஷம் என்று சொன்னால் அவர்கள் ஏட்டில் பார்த்து எடுத்துக் கொடுப்பார்கள்.

இதற்கு இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று துண்டாகச் செய்த லென்ஸ் என்றால் அதன் கால்கள் மெல்லிய நூல் போல இருக்கும். அதே லென்ஸைத் தூக்கி வெள்ளைவிழிக்குள் கால்களைச் செருகி மறுபடி நிறுத்த வாய்ப்புண்டு. ஒரே துண்டான மடக்கு லென்ஸுக்குக் கால்கள் பருமன், மெத்து. அதைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு வேறு லென்ஸ்தான் வைக்க வேண்டும். மடங்காத கெட்டி லென்ஸ் என்றால் எடுப்பதற்குக் கண்ணில் கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர் அகலத்துக்கு வாய் திறக்க வேண்டும், தையலும் போட வேண்டும். உள்ளே இருப்பது எது என்று முன்கூட்டியே தெரிந்தால் சர்ஜன் தயாராக இறங்குவார்.

சாப்பிடுகிற மாத்திரைகளை அட்டையோடு ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். பெயர் சொன்னால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற மாத்திரை இருந்தால் கட்டாயம் காட்டுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், இதய டாக்டரும் கண் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். ஆண்கள் மூத்திரம் தாராளமாகப் போவதற்காக எடுக்கிற டாம்சுலோசின் மாத்திரையையும் மறக்காமல் சொல்லுங்கள். அது கண்ணில், கண்மணியைச் சுற்றி இருக்கிற ஐரிஸ் திரையைத் தொளதொளவென்று ஆக்கும். சர்ஜனுக்கு முன்பே தெரிந்தால் அதற்கேற்ப ஏற்பாடு செய்துகொள்வார்.

இன்னொன்று, எல்லையில் வாழ்கிற நமக்கே உரியது. காப்பீட்டு அட்டை எந்த மாநிலத்தது? தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை வைத்துக்கொண்டு கோட்டயத்தில் போய் நிற்பதும், கேரளத்துக் காருண்யா அட்டையோடு மதுரையில் போய் நிற்பதும் இங்கே நடக்கிறது. போனில் கூப்பிட்டு, இந்த அட்டை செல்லுமா, இந்த ஆபரேஷன் அதில் வருமா என்று இரண்டையும் கேட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள். கூடவே, "விழித்திரை சர்ஜன் எந்தெந்தக் கிழமை இருப்பார்?" என்றும் கேளுங்கள்.

ஆஸ்பத்திரியில்

முதல் நாள் முழுக்கப் பரிசோதனைதான். கண்ணை விரிய வைக்கிற மருந்து விடுவார்கள். நாலைந்து மணி நேரம் மங்கலாக இருக்கும், துணைக்கு ஆள் வேண்டும். உட்கார வைத்துப் பார்த்தபின் படுக்க வைத்தும் பார்ப்பார்கள், ஏனென்றால் படுத்தால் லென்ஸ் பின்னுக்குச் சரிந்து எவ்வளவு தொங்குகிறது என்று தெரியும். உள்ளே ரத்தமோ கலங்கலோ இருந்தால் ஒலி அலையால் கண்ணுக்குள் பார்க்கிற பி-ஸ்கேன் எடுப்பார்கள். விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படம் பிடிக்கிற ஓ.சி.டி. சோதனையில் விழித்திரை நடுப்பகுதி வீங்கியிருக்கிறதா என்று தெரியும். கார்னியாவின் உள்பக்கத்துச் செல்களை எண்ணுகிற சோதனையும் உண்டு. பெரியவர்களுக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 2,500 வாக்கில் இருக்கும். போன செல் திரும்ப முளைக்காது. எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால் கார்னியாவுக்குப் பக்கத்தில் லென்ஸ் வைக்க சர்ஜன் தயங்குவார், அது சரியான தயக்கம்.

எல்லாருக்கும் ஆபரேஷன் வேண்டும் என்பதில்லை. லென்ஸ் கொஞ்சமாகச் சரிந்து, கண்மணியின் நடுவை இன்னும் மூடிக்கொண்டிருந்தால் கண்ணாடியிலேயே சமாளிக்கலாம். முழுக்க அடியில் விழுந்தும் விழித்திரையை உறுத்தாமல் அமைதியாகக் கிடந்தால், மிகவும் தளர்ந்தவர்களுக்குக் கனமான பிளஸ் கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ கொடுத்து அடிக்கடி பார்த்துக்கொள்வதும் உண்டு. ஆனால் ஒரு கண்ணுக்கு மட்டும் பிளஸ் பத்து, பன்னிரண்டு பவர் போட்டால் அடுத்த கண்ணோடு ஒத்துப்போகாது. படி இறங்கவே தடுமாறுவார்கள். ஓடியாடி வேலை செய்பவருக்கு அது தோதுப்படாது.

ஆபரேஷனில் என்ன நடக்கிறது

பெரும்பாலும் கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரக்க வைத்துச் செய்வார்கள். ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். இருமல் இருந்தால், மல்லாக்கப் படுத்தால் மூச்சு முட்டும் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

கார்னியா விளிம்பிலிருந்து மூன்றரை மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளைவிழியில் மூன்று துளைகள் போடுவார்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒன்றில் தண்ணீர் உள்ளே போகும், ஒன்றில் விளக்கு, ஒன்றில் வெட்டி உறிஞ்சும் கருவி. முதல் வேலை கண்ணுக்குள் இருக்கிற ஜெல்லியை எடுப்பது. "லென்ஸைத்தானே எடுக்கணும், ஜெல்லியை ஏன் எடுக்கறாங்க?" என்று கேட்காத குடும்பம் இல்லை. லென்ஸ் அந்த ஜெல்லியில் சிக்கிக் கிடக்கிறது. ஜெல்லியின் நாரோ விழித்திரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஜெல்லியை விட்டுவிட்டு லென்ஸை இழுத்தால் விழித்திரையும் சேர்ந்து இழுபட்டுக் கிழியும். அதனால்தான் இந்த வேலைக்கு விழித்திரை சர்ஜன் வேண்டும் என்கிறேன். ஜெல்லி போனதும் லென்ஸை மெல்லிய இடுக்கியால் அடியிலிருந்து தூக்கிக் கண்ணின் முன்பக்கத்துக்குக் கொண்டுவருவார்கள். மடக்கு லென்ஸ் என்றால் துண்டாக நறுக்கிச் சின்ன வாய் வழியாக வெளியே எடுப்பார்கள்.

அடுத்தது, பையில்லாத கண்ணில் லென்ஸை எதில் நிறுத்துவது? இங்கேதான் சர்ஜனுக்கு சர்ஜன் வழி மாறும்.

நம் நாட்டில் பரவலாகச் செய்வது ஐரிஸ்-க்ளா லென்ஸ். நண்டுக் கொடுக்கு போல இரண்டு பக்கமும் பிளவு இருக்கும், ஐரிஸ் திரையைக் கொஞ்சம் கவ்வி நிற்கும். இப்போது பெரும்பாலும் ஐரிஸுக்குப் பின்பக்கம் வைக்கிறார்கள், கார்னியாவுக்குத் தூரமாக இருப்பது நல்லது. வேலை சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. கெட்டி லென்ஸ் என்பதால் வாய் பெரிது. தையலால் கொஞ்ச காலம் பார்வை கோணலாக இருக்கும். கண்மணி வட்டம் போய் நீள்வட்டமாகலாம். வெளியில் பார்ப்பவருக்குத் தெரியாது.

லென்ஸை நூலால் வெள்ளைவிழியோடு தைப்பது பழைய முறை. 10-0 என்கிற மிக மெல்லிய பாலிப்ரொப்பிலீன் நூல் பல வருஷம் கழித்து அறுந்து, லென்ஸ் மறுபடி விழுந்ததை டாக்டர்கள் பார்த்திருக்கிறார்கள். அதனால் இப்போது அதைவிடப் பருமனான நூலைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நூலே இல்லாத வழிகள் வந்தது நமக்குப் பெரிய வரம். சென்னையில் டாக்டர் அமர் அகர்வால் 2007 டிசம்பரில் செய்து காட்டிய முறையில், லென்ஸின் இரண்டு கால்களையும் வெள்ளைவிழிக்குள் செருகி, மேலே ஃபைப்ரின் என்ற ரத்தப் புரதப் பசையால் ஒட்டிவிடுவார்கள். தமிழ்நாட்டில் பிறந்து உலகம் முழுக்கப் போன முறை அது, சொல்லும்போதே எனக்குப் பெருமையாக இருக்கும். ஜப்பானின் ஷின் யமானே 2017-ல் விரிவாக வெளியிட்ட முறையில் பசையும் இல்லை. மெல்லிய ஊசி வழியாகக் கால்களை வெளியே எடுத்து, நுனியைச் சூடுகாட்டிச் சின்ன குமிழாக்கி, வெள்ளைவிழிக்குள் தள்ளிவிடுவார்கள். குமிழ் இருப்பதால் கால் உருவிக்கொள்ளாது.

எது உசத்தி? அப்படி ஒன்றை அறுதியிட்டுச் சொல்ல முடியாது. உங்கள் சர்ஜன் கை பழகிய முறை உங்கள் கண்ணுக்கும் பொருந்தினால் அதுவே நல்லது. "டாக்டர், எங்க அப்பாவுக்கு எந்த முறை செய்யப் போறீங்க, ஏன் அது?" என்று தயங்காமல் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார். விழித்திரை பிரிவது, உள்ளே ரத்தக்கசிவு, பிரஷர் ஏறுவது, விழித்திரை நடுவில் நீர் கோப்பது, கிருமித் தொற்று, லென்ஸ் மறுபடி சாய்வது ஆகியவை நடக்கக்கூடிய ஆபத்துகள். அவர் இவற்றைச் சொல்லித்தான் கையெழுத்து வாங்குவார். படித்துப் பார்த்துப் போடுங்கள்.

காற்று வைத்த கண்ணோடு மலை ஏறாதீர்கள்

இது நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியது. ஆபரேஷனின்போது விழித்திரையில் கிழிசல் இருப்பது தெரிந்தால், அதை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் காற்றோ வாயுவோ நிரப்பிவிடுவார்கள். எல்லாருக்கும் செய்வதில்லை. நிரப்பியிருந்தால், அது கரைகிற வரை உயரத்துக்குப் போகக் கூடாது. மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், கண்ணுக்குள் இருக்கிற குமிழ் விரியும். கண் பிரஷர் எகிறி, ரத்த ஓட்டமே தடைபட்டு, பார்வை அடியோடு போகலாம். விமானத்தில் ஏறக் கூடாது என்று எல்லா ஆஸ்பத்திரியிலும் சொல்வார்கள். ஆனால் நம் ஆட்கள் விமானத்தில் போவதில்லை, லோயர்கேம்ப்பிலிருந்து பஸ்ஸில் குமுளி ஏறுகிறார்கள். மதுரையிலிருந்து கிளம்பினால் குமுளி சேரும்போது சுமார் 900 மீட்டர் உயரத்துக்கு வந்திருப்பீர்கள். கோட்டயத்திலிருந்து வண்டிப்பெரியாறு திரும்புகிறவர் குட்டிக்கானத்தில் 1,000 மீட்டரைத் தாண்டுவார். போடிமெட்டு வழியாக மூணாறு இன்னும் உயரம். "எங்க வீடு மலை மேல இருக்கு டாக்டர்" என்று நீங்களே வாய் திறந்து சொல்ல வேண்டும். அவருக்கு உங்கள் விலாசம் காகிதத்தில் இடுக்கி என்று மட்டும்தான் தெரியும்.

சாதாரணக் காற்று ஏறக்குறைய ஒரு வாரத்தில் கரையும். எஸ்.எஃப்.6 வாயு இரண்டு வாரம் வாக்கில், சி3எஃப்8 வாயு ஆறு முதல் எட்டு வாரம் இருக்கும். அதுவரை கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ மகள் வீடு, அண்ணன் வீடு என்று தங்குங்கள். கம்பமும் கிட்டத்தட்ட 400 மீட்டர் இருக்கிறது, அதனால் அங்கே தங்கலாமா என்பதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குமிழ் கரைவது உங்களுக்கே தெரியும். முதலில் எல்லாம் கலங்கலாக இருக்கும். பிறகு மேலே தெளிவு வந்து, கீழே கொத்தனார் ரசமட்டத்தில் ஆடுகிற மாதிரி ஒரு கோடு தெரியும். நாளாக ஆக அந்தக் கோடு கீழே இறங்கி, உருண்டையாகச் சுருங்கி மறையும். மறைந்துவிட்டது என்று நீங்களாக முடிவு செய்யாமல், டாக்டர் பார்த்துச் சொன்னபின் மலை ஏறுங்கள். இடையில் வேறு எந்த ஆபரேஷனுக்காகவும் மயக்கம் கொடுக்க நேர்ந்தால், கண்ணில் வாயு இருப்பதை மயக்க டாக்டரிடம் சொல்லுங்கள். நைட்ரஸ் ஆக்ஸைடு என்ற மயக்க வாயு கொடுத்தாலும் குமிழ் விரியும்.

வீட்டில்

சொட்டு மருந்து விடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு போதும், பாட்டில் நுனி கண்ணில் படக் கூடாது. இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிஷம் விடுங்கள். ஸ்டீராய்டு மருந்தை வாரவாரம் குறைத்துக்கொண்டு வரச் சொல்வார்கள். கண் நன்றாக இருக்கிறதே என்று திடீரென்று நிறுத்தாதீர்கள். இரவில் கண் மூடி போட்டுத் தூங்குங்கள். தலைக்கு ஊற்றுவது, விறகு அடுப்பை ஊதுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது, ஜீப்பில் குலுங்குவது எல்லாம் டாக்டர் சொல்கிற வரை வேண்டாம். தோட்ட வேலைக்கு ஒன்றரை மாதமாவது ஆகும் என்று கங்காணியிடம் முன்பே சொல்லி வையுங்கள். திரும்பப் போகும்போது பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், ஏலத்தட்டையின் இலை நுனி கண்ணில் குத்தாமல் காக்கும்.

கண்ணாடிக்கு அவசரப்பட வேண்டாம். ஆறு, எட்டு வாரத்தில் பவர் நிலைக்கும், அப்போது போட்டுக்கொள்ளலாம். பார்வை நாளுக்கு நாள் கூட வேண்டும், குறையக் கூடாது. வலி கூடினாலோ, சிவப்பு கூடினாலோ, சீழ் தெரிந்தாலோ, பார்வை குறைந்தாலோ ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள்.

அடுத்த கண்ணிலும் லென்ஸ் இருந்தால் வருஷத்துக்கு ஒருமுறை விரிய வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், சூடோஎக்ஸ்ஃபோலியேஷன் இருப்பவர்கள் முக்கியமாக. அந்தக் கண்ணில் புரை ஆபரேஷன் இன்னும் ஆகவில்லையென்றால், முதல் கண்ணில் நடந்ததைச் சர்ஜனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இழைகள் தளர்ந்த கண் என்று தெரிந்தால், பைக்குள் வளையம் ஒன்றை வைத்து அதை விரித்து நிறுத்திவிட்டு லென்ஸ் வைக்கிற வழி அவரிடம் இருக்கிறது.